முதல் தளத்தின் முதல்வர்: பேஸ்பாலின் நவீன காலம் குறித்த ஒரு தரவரிசை ஆய்வு

1. கேள்வியும் அதன் எல்லையும்

அமெரிக்க பேஸ்பாலின் மிகச் சிறந்த முதல் தள ஆட்டக்காரர் யார் என்ற விவாதம் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறது. ஒருவர், 1923 முதல் 1939 வரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடிய லூ கெரிக். மற்றவர், 2001 முதல் 2022 வரை பெரும்பகுதி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணிகளுக்கு ஆடிய ஆல்பர்ட் பூஹோல்ஸ். இருவரும் மைதானத்தில் நின்ற இடம் ஒன்றே. ஆடிய சூழல்கள் வெவ்வேறு. கெரிக் காலத்து மேஜர் லீக்கில் 16 அணிகள் இருந்தன. ஆட்டங்கள் பெரும்பாலும் பகலில் நடந்தன. கறுப்பின ஆட்டக்காரர் ஒருவருக்கும் இடமில்லை. பூஹோல்ஸ் காலத்தில் 30 அணிகள், இரவு ஆட்டங்கள், கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு விமானப் பயணம், பல நாடுகளிலிருந்து வந்த பந்தெறிவாளர்கள் என எல்லாமே மாறியிருந்தன.

இப்படிப்பட்ட இருவரை ஒரே பட்டியலில் வைப்பதற்கு முன் மூன்று முடிவுகளை எடுத்தாக வேண்டும். நவீன காலம் எந்த ஆண்டில் தொடங்குகிறது? முதல் தள ஆட்டக்காரர் என்று யாரைக் கணக்கில் கொள்வது? எதை அளப்பது? விவாதங்களில் இம்மூன்றும் பேசப்படாமலே ஊகிக்கப்படுகின்றன. அதனால்தான் ஒரே புள்ளிவிவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு வெவ்வேறு விடைகள் சொல்ல முடிகிறது. இம்முடிவுகளை வெளிப்படையாக எடுத்துவிட்டால் முதலிடம் குறித்த ஐயம் பெருமளவு நீங்கிவிடும் என்பதும், உண்மையான சிக்கல் இரண்டாமிடத்தில்தான் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வு அமெரிக்க மேஜர் லீக்குகளுக்கு உட்பட்டது. ஜப்பானின் யோமியூரி ஜயண்ட்ஸ் அணியில் 1959 முதல் 1980 வரை ஆடி 868 ஹோம் ரன்கள் (ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றிவர உதவும் அடிகள்) அடித்த சடஹாரு ஓவும் முதல் தள ஆட்டக்காரரே. ஆனால் வேறொரு லீக்கின் எண்களை அமெரிக்க எண்களோடு நேருக்கு நேர் நிறுத்த நம்பகமான வழி இல்லாததால் அவர் இங்கே ஒப்பீட்டுக்குள் வரவில்லை.

2. முதல் தளத்தின் வேலை

பேஸ்பாலில் பந்தை அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் இடம் முதல் தளம். தரையில் உருண்டு வரும் பந்தை ஒரு உள்களத்தார் எடுத்து எறிய, அடித்தவரின் கால் தளத்தைத் தொடுவதற்குள் பந்து முதல் தள ஆட்டக்காரரின் கையுறைக்குள் வந்துவிட்டால் அவர் அவுட். ஆகவே அணியின் அவுட்டுகளில் பெரும் பங்கு அவர் கையில் முடிகிறது. கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரைப்போல, பிறர் எறியும் நல்ல பந்துக்கும் மோசமான பந்துக்கும் ஒருசேரப் பொறுப்பேற்பவர் அவர். ஒரு காலைத் தளத்தின்மேல் வைத்து உடலை நீட்டிப் பந்தை வாங்குவது, முன்னால் குத்தி எழும் பந்தைத் தரையோடு அள்ளுவது, தளத்தில் நிற்கும் எதிரணி ஓட்டக்காரரை நகரவிடாமல் பிடித்து நிறுத்துவது, எதிரணியார் பந்தை மெல்லத் தட்டிவிடும்போது முன்னால் பாய்ந்து எடுத்து இரண்டாம் தளத்துக்கோ மூன்றாம் தளத்துக்கோ எறிவது ஆகியவை அவரது வேலைகள்.

ஆயினும் மற்ற உள்கள இடங்களோடு ஒப்பிட்டால் இங்கே விரைவும் எறிவலுவும் குறைவாகவே தேவைப்படுகின்றன. புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் களத்தடுப்பு இடங்களைக் கடினத்தின்படி வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஒரு முனையிலும், களத்தில் இறங்காமல் மட்டை மட்டும் பிடிக்கும் நியமன மட்டையாளர் மறுமுனையிலும் உள்ளனர். முதல் தளம் நியமன மட்டையாளருக்கு அடுத்த படியில் இருக்கிறது. வயது ஏற ஏற ஆட்டக்காரர்கள் இந்த வரிசையில் எளிய முனையை நோக்கி நகர்வார்கள் என்பது அவருடைய கருத்து. கைப்பழக்கமும் ஒரு காரணம். இடது கையால் எறிபவர்களுக்கு மற்ற மூன்று உள்கள இடங்கள் ஒத்துவருவதில்லை; முதல் தளம் ஒத்துவருகிறது. கெரிக், வில்லி மெக்கோவி, கீத் ஹெர்னாண்டஸ், டாட் ஹெல்டன் நால்வரும் இடக்கை எறிவாளர்கள்.

இதன் விளைவு தெளிவானது. கடினமான இடத்தில் ஆடக்கூடிய ஆட்கள் குறைவு; எளிய இடத்துக்குப் போட்டி மிகுதி. எனவே முதல் தளத்தில் நிற்பவர் தன் இடத்தை மட்டையால்தான் நியாயப்படுத்த வேண்டும். சராசரியான மட்டையாட்டம் ஒரு ஷார்ட்ஸ்டாப்புக்குப் போதும்; முதல் தளத்தில் அது தோல்வி.

3. நவீன காலம் எங்கே தொடங்குகிறது?

பேஸ்பால் வரலாற்றில் நவீன காலத்துக்குக் குறைந்தது நான்கு தொடக்கங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது 1901. அமெரிக்கன் லீக் மேஜர் லீக் தகுதி பெற்று, இரண்டு லீக் அமைப்பு உருவான ஆண்டு இது. பதிவேடுகள் வழக்கமாக இந்த ஆண்டைத்தான் எல்லையாகக் கொள்கின்றன. இரண்டாவது 1920. பந்தில் எச்சில் தடவி எறிவது தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு தலையில் பந்து பட்டு ரே சாப்மன் இறந்த பின், அழுக்கேறிய பந்தை உடனே மாற்றும் வழக்கம் வலுப்பட்டது. பேப் ரூத்தின் ஆட்டமுறையும் சேர்ந்துகொள்ள, ஹோம் ரன் ஆட்டத்தின் மையத்துக்கு வந்தது. 1920இல் 257 ஹிட்டுகள் (பாதுகாப்பாகத் தளம் சேர்க்கும் அடிகள்) அடித்த செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் முதல் தள ஆட்டக்காரர் ஜார்ஜ் சிஸ்லர் பழைய முறையின் உச்சம். 2004இல் இச்சிரோ சுசுகி முறியடிக்கும்வரை அச்சாதனை நின்றது. சிஸ்லருக்குப் பின் இந்த இடம் வலுவாக அடிப்பவர்களுடையதாயிற்று.

மூன்றாவது 1947. ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கி நிறத்தடையை உடைத்தார். பின்னாளில் இரண்டாம் தள ஆட்டக்காரராக அறியப்பட்ட அவர் அன்று நின்ற இடம் முதல் தளம். அந்த சீசன் முழுவதும் அங்கேயே ஆடி அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் விருதையும் பெற்றார். நான்காவது 1961 முதல் 1969 வரையான விரிவாக்கக் காலம். அணிகளின் எண்ணிக்கை 16இலிருந்து 24 ஆனது. சீசன் 162 ஆட்டங்களானது.

எல்லையை எங்கே வைப்பது என்பதே முதலிடத்தைப் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. 1920 என்றால் கெரிக் உள்ளே வருகிறார். 1947 என்றால் வெளியே நிற்கிறார். இக்கட்டுரை 1947ஐ எல்லையாகக் கொள்கிறது. இதற்கு அறநெறிக் காரணம் ஒருபுறமிருக்க, அளவீட்டுக் காரணமும் உண்டு. பேஸ்பாலின் இன்றைய அளவுகோல்கள் ஒருவரை அவர் ஆடிய லீக்கின் சராசரியோடு ஒப்பிடுகின்றன. ஒரு நாட்டின் திறமையாளர்களில் ஒரு பகுதியினரை நிறத்தைக் காட்டி வெளியே நிறுத்திய லீக்கின் சராசரி, எல்லோரும் ஆடியிருந்தால் இருந்திருக்கக்கூடிய சராசரி அல்ல.

4. அளவுகோல்களும் அவற்றின் குறைகளும்

மரபான அளவுகோல்கள் மூன்று: மட்டைச் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ. மூன்றிலும் ஒரே ஆண்டில் தன் லீக்கில் முதலிடம் பெறுவது மும்முடி எனப் போற்றப்படுகிறது. 1933இல் ஜிம்மி ஃபாக்ஸும் 1934இல் கெரிக்கும் அதைப் பெற்றார்கள்.

இவற்றுள் ஆர்பிஐ மிகவும் பலவீனமானது. ஒருவர் அடித்த அடியால் எத்தனை ஓட்டங்கள் வந்தன என்பதை அது எண்ணுகிறது. அவருக்கு முன் தளங்களில் யார் நின்றார்கள் என்பதை எண்ணுவதில்லை. கெரிக் 1931இல் 185 ஆர்பிஐ எடுத்தது அமெரிக்கன் லீக் சாதனை. அவருக்கு முன்னால் மட்டை பிடித்தவர்களில் ரூத் ஒருவர். அவர் ஓயாமல் தளம் சேர்ந்தவர். மட்டைச் சராசரிக்கும் ஒரு குறை உண்டு. பந்தெறிவாளர் நான்கு தவறான பந்துகள் எறிந்தால் மட்டையாளருக்கு முதல் தளம் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தப் பொறுமையின் பயன் மட்டைச் சராசரியில் தெரிவதில்லை. அதை ஈடுசெய்யத் தளம் சேரும் விகிதமும், அடியின் நீளத்தைக் கணக்கில் கொள்ளும் வலு விகிதமும் பயன்படுகின்றன. இரண்டையும் கூட்டி, காலத்துக்கும் சொந்த மைதானத்தின் தன்மைக்கும் ஏற்பத் திருத்தி, லீக்கின் சராசரியை 100 எனக் கொண்டு தரும் எண் ‘ஓபிஎஸ் பிளஸ்’.

மட்டை, களத்தடுப்பு, தள ஓட்டம் மூன்றையும் ஒரே எண்ணில் அடக்க முயல்வது ‘வார்’. எளிதில் கிடைக்கக்கூடிய ஒரு மாற்று ஆட்டக்காரரைவிட ஒருவர் தன் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்பதை இது மதிப்பிடுகிறது. இதில் நின்ற இடத்துக்கேற்பக் கூட்டலும் கழித்தலும் உண்டு. முதல் தளத்தில் ஒரு முழு சீசன் ஆடுபவரின் கணக்கிலிருந்து 10 ஓட்டங்களை ஒட்டிய தொகை கழிக்கப்படுகிறது. இது ஏறத்தாழ ஒரு வெற்றிக்குச் சமம். ஜே ஜாஃபி வகுத்த ‘ஜாஸ்’ முறை ஒருவரின் மொத்த ‘வார்’ எண்ணையும், அவரது மிகச் சிறந்த ஏழு சீசன்களின் ‘வார்’ எண்ணையும் கூட்டிச் சராசரி எடுக்கிறது. நீண்ட நாள் ஆடியவருக்கும் குறுகிய காலம் உச்சத்தில் நின்றவருக்கும் இடையே சமன் செய்யும் முயற்சி அது.

இந்த எண்களும் குறையற்றவை அல்ல. ஹோம் ரன்னை எண்ணுவது எளிது. சகவீரரின் தவறான எறிதலை அள்ளிக் காப்பாற்றியதை எண்ணுவது கடினம். அப்படிக் காக்கப்பட்ட அவுட் எறிந்த சகவீரரின் பெயருக்கும் நன்மையாகவே முடிகிறது. ஒவ்வொரு பந்தின், ஆளின் நகர்வையும் படம்பிடித்து அளக்கும் ஸ்டாட்காஸ்ட் எல்லா மைதானங்களுக்கும் வந்தது 2015இல்தான். எனவே பழைய காலக் களத்தடுப்பு மதிப்பீடுகளைத் திசைகாட்டியாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

விருதுகளும் துணைசெய்யும், வழிதவறவும் வைக்கும். சிறந்த களத்தடுப்பாளருக்கான கோல்ட் குளோவ் விருது 1957இல் தொடங்கியது. 1999இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் ரஃபேல் பல்மேரோ முதல் தளத்தில் ஆடியது 28 ஆட்டங்கள் மட்டுமே. மற்றவற்றில் நியமன மட்டையாளராக இருந்தார். அவ்வாண்டு முதல் தளத்துக்கான கோல்ட் குளோவ் அவருக்கே வழங்கப்பட்டது.

5. யார் முதல் தள ஆட்டக்காரர்?

முதல் தளம் பலருக்கு வந்துசேரும் இடமாக இருந்திருக்கிறது. சிகாகோ கப்ஸ் அணியின் எர்னி பேங்க்ஸ் ஷார்ட்ஸ்டாப்பில் ஆடியதைவிட முதல் தளத்தில் ஆடிய ஆட்டங்கள் அதிகம். ஆனால் 1958, 1959 ஆண்டுகளில் அவர் பெற்ற மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதுகள் இரண்டும் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தபோது கிடைத்தவை. ராட் கரூவின் ஆட்டவாழ்வு இரண்டாம் தளத்துக்கும் முதல் தளத்துக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிகிறது; .388 சராசரியோடு அவர் அதே விருதைப் பெற்ற 1977இல் முதல் தளத்தில் இருந்தார். மிகெல் கப்ரேரா அதிகம் ஆடியது முதல் தளத்தில். 2012இல் மும்முடியும் 2012, 2013இல் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதுகளும் பெற்றபோது அவர் நின்றது மூன்றாம் தளத்தில்.

1973இல் அமெரிக்கன் லீக்கில் நியமன மட்டையாளர் முறை வந்தபின் இச்சிக்கல் கூடியது. ஃபிராங்க் தாமஸ் முதல் தளத்தில் ஆடியது சுமார் 970 ஆட்டங்கள். நியமன மட்டையாளராக 1,300க்கு மேல். 612 ஹோம் ரன்கள் அடித்த ஜிம் டோமி மூன்றாம் தளம், முதல் தளம், நியமன மட்டையாளர் என மூன்று கட்டங்களாக ஆடியவர்.

இங்கே கொள்ளப்படும் விதி எளியது. ஒருவரின் சிறப்பான ஆண்டுகளில் பெரும்பான்மை முதல் தளத்தில் கழிந்திருக்க வேண்டும். இந்த விதிப்படி பேங்க்ஸ், கரூ, கப்ரேரா மூவரும் பட்டியலின் விளிம்புக்குப் போகிறார்கள். தாமஸ் தன் உச்ச ஆண்டுகளில் முதல் தளத்தில் இருந்ததால் உள்ளே இருக்கிறார். ஆனால் அவரது களத்தடுப்புக் குறை கணக்கில் சேர்கிறது.

6. 1947க்கு முன்: ஒப்பீட்டுக்கான அடித்தளம்

முதல் தள ஆட்டக்காரர்களில் கெரிக்கின் எண்களை நெருங்கியவர் இதுவரை எவருமில்லை. மட்டைச் சராசரி .340, தளம் சேரும் விகிதம் .447, வலு விகிதம் .632, ஹோம் ரன்கள் 493, ‘ஓபிஎஸ் பிளஸ்’ 179. 1925 ஜூன் முதல் 1939 ஏப்ரல் வரை தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடினார். அச்சாதனையை 1995 செப்டம்பரில்தான் கால் ரிப்கன் கடந்தார். நரம்பு நோய் அவரது ஆட்டத்தை 35 வயதில் நிறுத்தியது; 1941இல் இறந்தார். இந்த நோய் அவரது மொத்த எண்ணிக்கைகளைக் குறைத்தது. அதேவேளை, முதுமையில் சரியும் ஆண்டுகள் இல்லாததால் விகிதங்கள் உயர்ந்த நிலையிலேயே நின்றுவிட்டன. அவரைப் பிற்காலத்தவரோடு ஒப்பிடும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

ஃபாக்ஸ் 534 ஹோம் ரன்கள் அடித்தார். 1932, 1933, 1938 என மூன்று முறை மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது பெற்றார். 1929 முதல் 1940 வரை பன்னிரண்டு சீசன்கள் தொடர்ந்து முப்பதுக்குக் குறையாமல் ஹோம் ரன்கள் அடித்தார். ஹாங்க் கிரீன்பெர்க் 1938இல் 58 ஹோம் ரன்கள் அடித்தவர். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியதால் நான்கு சீசன்களுக்கு மேல் இழந்தார். ஜானி மைஸ் மூன்று சீசன்களை இழந்தார். போர் இல்லாதிருந்தால் இவ்விருவரின் இடமும் உயர்ந்திருக்கும்.

இதே காலத்தில், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கான நீக்ரோ லீக்குகளில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் முதல் தளத்தில் பக் லெனார்ட் நின்றார். 1934 முதல் 1950 வரை அவ்வணிக்கு ஆடிய அவர், மேஜர் லீக்கின் கதவு திறந்தபோது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். 1972இல் ஜோஷ் கிப்சனோடு சேர்த்து அவர் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1920 முதல் 1948 வரையான நீக்ரோ லீக்குகளை 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் சம தகுதியுடையவை என ஏற்றது. 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் இணைந்தன. அப்பதிவில் லெனார்டின் சராசரி .340ஐ ஒட்டியது. நீக்ரோ லீக் சீசன்கள் குறுகியவை. பல ஆட்டங்கள் பதிவாகவில்லை. எனவே மொத்த எண்ணிக்கைகளில் அவரைக் கெரிக்கோடு ஒப்பிட முடியாது. ஆனால் கெரிக்குக்கு இணையானவர் எவருமில்லை என்ற கூற்றை, லெனார்ட் அவர் எதிரே ஆட அனுமதிக்கப்படவில்லை என்ற உண்மையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இரண்டு காலங்களும் சந்தித்த ஒரு நிகழ்வு 1947 மே மாதம் பிட்ஸ்பர்கில் நடந்தது. பைரட்ஸ் அணிக்குத் தன் கடைசி சீசனை ஆடிக்கொண்டிருந்த கிரீன்பெர்க்கின்மீது, தளத்தை நோக்கி ஓடிவந்த ராபின்சன் மோதினார். யூதர் என்பதற்காகப் பல ஆண்டுகள் வசை கேட்டிருந்த கிரீன்பெர்க், பின்னர் அவரிடம் தைரியம் சொன்னார்.

7. மெக்கோவி முதல் ஹெர்னாண்டஸ் வரை

1947க்குப் பின் முதல் தளத்தில் தோன்றிய முதல் பெரும் மட்டையாளர் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் வில்லி மெக்கோவி. அதே அணியில் ஆர்லாண்டோ செபேடாவும் இருந்ததால் தொடக்க ஆண்டுகளில் அவர் வெளிக்களத்துக்கும் மாற வேண்டியிருந்தது. 1966இல் செபேடா வேறு அணிக்குப் போனபின் முதல் தளம் அவருடையதாயிற்று. பந்தெறிவாளர்கள் ஆதிக்கம் செலுத்திய 1968இல் 36 ஹோம் ரன்களோடு லீக்கில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு 45 ஹோம் ரன்கள் அடித்து, மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். அந்த சீசனில் எதிரணிகள் அவரை அடிக்கவிடாமல் 45 முறை வேண்டுமென்றே முதல் தளத்துக்கு அனுப்பிவைத்தன. மொத்தம் 521 ஹோம் ரன்கள்; ‘ஓபிஎஸ் பிளஸ்’ 147.

எடி மரி வேறு வகை. இரு கையாலும் மட்டை பிடித்த அவர் 3,255 ஹிட்டுகளும் 504 ஹோம் ரன்களும் சேர்த்தார். முதல் தளத்தில் அதிக ஆட்டங்கள் ஆடியவர் அவரே: 2,413. மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 1982, 1983இல் இரண்டாமிடம் வந்தார். ஒரே சீசனில் எல்லோரையும் மிஞ்சும் உச்சம் அவரிடம் இல்லை. இருபது ஆண்டுகள் தளராத நிலைபேறு இருந்தது. மொத்தத்தை மதிப்பவர்கள் அவரை முதல் ஐந்துக்குள் வைப்பார்கள். உச்சத்தை மதிப்பவர்கள் வைக்கமாட்டார்கள்.

கீத் ஹெர்னாண்டஸ் இந்த இடத்தின் இலக்கணத்தையே கேள்விக்கு உட்படுத்துகிறார். 1978 முதல் 1988 வரை தொடர்ந்து பதினொரு கோல்ட் குளோவ் விருதுகள் பெற்றார். எதிரணி பந்தை மெல்லத் தட்டிவிட முயலும்போது அவர் மட்டையாளரை நோக்கி முன்னேறிவந்து முன்னால் ஓடும் ஆட்டக்காரரையே வீழ்த்தியதால், அந்த உத்தியைப் பயன்படுத்தவே அணிகள் தயங்கின. 1979இல் .344 சராசரியோடு வில்லி ஸ்டார்ஜெலுடன் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் ஹோம் ரன்கள் 162 மட்டுமே. எழுத்தாளர்களின் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் அவர் தேர்வாகவில்லை. ‘வார்’ கணக்கில் அவர் சுமார் 60 பெறுகிறார். ஹெல்டன், மார்க் மெக்வையர் ஆகியோரின் எண்களும் அதே அளவுதான். முதல் தளத்தின் களத்தடுப்பு வெறும் அலங்காரமல்ல என்பதற்கு அவரே வலுவான சான்று. அதேவேளை, அவ்வளவு சிறந்த கையுறையாலும் மட்டையின் குறையை முழுதாக நிரப்ப முடியவில்லை.

8. 1990கள்: ஒரே நாளில் பிறந்த இருவர்

இரண்டாமிடத்துக்கான விவாதம் இந்தக் காலத்தில் மையம் கொள்கிறது. ஜெஃப் பேக்வெல், ஃபிராங்க் தாமஸ் இருவரும் 1968 மே 27 அன்று பிறந்தவர்கள். 1994இல் நேஷனல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது பேக்வெல்லுக்கும், அமெரிக்கன் லீக்கின் விருது தாமஸுக்கும் கிடைத்தது. வேலைநிறுத்தத்தால் ஆகஸ்டில் முடிந்துபோன அந்த சீசனில் பேக்வெல் .368 சராசரியோடு 39 ஹோம் ரன்களும், தாமஸ் .353 சராசரியோடு 38 ஹோம் ரன்களும் அடித்தார்கள்.

மட்டையை மட்டும் பார்த்தால் தாமஸ் ஒரு படி மேலே. .301 சராசரி, .419 தளம் சேரும் விகிதம், 521 ஹோம் ரன்கள், ‘ஓபிஎஸ் பிளஸ்’ 156. பேக்வெல்லின் எண்கள் .297, .408, 449, 149. ஆனால் பேக்வெல் களத்தடுப்பில் திறமைசாலி. 202 தளங்களைத் திருடியவர் (பந்து எறியப்படும்போது ஓடி அடுத்த தளத்தைப் பிடிப்பது). 1997, 1999 ஆண்டுகளில் முப்பது ஹோம் ரன்களும் முப்பது திருட்டுத் தளங்களும் சேர்த்தவர். முதல் தளத்தில் அது மிக அரிது. அவரது சிறந்த ஆண்டுகள் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோமில் கழிந்தன. மட்டையாளர்களுக்குக் கடுமையான மைதானம் அது. முழுக் கணக்கில் பேக்வெல்லின் ‘வார்’ சுமார் 80. தாமஸுடையது சுமார் 74. தோள்மூட்டு நோயால் பேக்வெல் பதினைந்தே சீசன்களில் நின்றுபோனார் என்பதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பொருளுடையதாகிறது.

மைதானத்தின் தாக்கத்துக்கு மறுபக்கச் சான்று டாட் ஹெல்டன். கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும் டென்வரில் அவர் ஆடினார். சொந்த மைதானத்தில் .345, வெளியூரில் .287. மொத்தச் சராசரி .316 என்றாலும், திருத்தப்பட்ட ‘ஓபிஎஸ் பிளஸ்’ 133தான். 2024இல் அவர் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானது, மைதானத்தின் உதவியைக் கழித்த பின்னும் எஞ்சும் தரத்துக்குக் கிடைத்த ஏற்பு.

ஊக்கமருந்துச் சிக்கல் மெக்வையரையும் பல்மேரோவையும் இந்த விவாதத்தின் ஓரத்துக்குத் தள்ளியது. 1998இல் 70 ஹோம் ரன்கள் அடித்த மெக்வையர், மொத்தம் 583 அடித்தார். ‘ஓபிஎஸ் பிளஸ்’ 163, ஃபாக்ஸுக்குச் சமம். 2010 ஜனவரியில் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டார். பல்மேரோ 3,020 ஹிட்டுகளும் 569 ஹோம் ரன்களும் சேர்த்தவர். 2005இல் சோதனையில் சிக்கினார். இருவரையும் எழுத்தாளர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அறக் கேள்வியை ஒதுக்கினாலும், மெக்வையர் பேக்வெல்லைத் தாண்டுவதில்லை. காயங்களால் பல சீசன்களை இழந்ததும், மட்டைக்கு வெளியே பங்களிப்புக் குறைந்ததும் அதற்குக் காரணங்கள்.

9. பூஹோல்ஸ்: இரண்டு பாதிகள்

சாண்டோ டொமிங்கோவில் பிறந்த பூஹோல்ஸை அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 1999 தேர்வின் பதின்மூன்றாம் சுற்றில் கார்டினல்ஸ் எடுத்தது. முதல் மூன்று சீசன்கள் வெளிக்களத்திலும் மூன்றாம் தளத்திலும் மாறி மாறி ஆடியவர் 2004 முதல் முதல் தளத்தில் நிலைபெற்றார். 2001 முதல் 2010 வரை ஒவ்வொரு சீசனிலும் .300க்கு மேல் சராசரி, முப்பதுக்கு மேல் ஹோம் ரன்கள், நூறுக்கு மேல் ஆர்பிஐ. 2011இல் .299, 99 என நூலிழையில் அத்தொடர் அறுந்தது. அவ்வாண்டு இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் மூன்றாம் ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்கள் அடித்து, அணி கோப்பையை வெல்லத் துணைநின்றார். 2005, 2008, 2009 ஆண்டுகளில் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்; மேலும் நான்கு முறை இரண்டாமிடம்.

இந்தப் பதினொரு சீசன்களில் அவரது சராசரி .328, தளம் சேரும் விகிதம் .420, வலு விகிதம் .617, ஹோம் ரன்கள் 445. வலுவாக அடிப்பவர்கள் பெரும்பாலும் அடிக்கடி ஸ்ட்ரைக்-அவுட் ஆவார்கள். பூஹோல்ஸ் 2006இல் 49 ஹோம் ரன்கள் அடித்து 50 முறை மட்டுமே அப்படி ஆட்டமிழந்தார். களத்தடுப்பில் 2006, 2010இல் கோல்ட் குளோவ் பெற்றார். 2009இல், சகவீரருக்கு எறிந்து அவுட் எடுக்க உதவிய 185 துணை அவுட்டுகளோடு முதல் தளத்துக்கான சாதனை படைத்தார். மிக விரைவானவர் அல்லர் என்றாலும் தள ஓட்டத்தில் கணிப்பு மிகுந்தவர். 2005இலும் 2009இலும் பதினாறு தளங்கள் திருடினார்.

அடுத்த பாதி வேறு கதை. 2012 முதல் ஏஞ்சல்ஸ் அணியில் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஆடியபோது சராசரி .256ஆகச் சரிந்தது. 2022இல் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி 24 ஹோம் ரன்கள் அடித்து, மொத்தம் 703 என்ற எண்ணோடு விடைபெற்றார்; ஹிட்டுகள் 3,384. பொது நினைவில் 700 என்ற எண்ணே நிற்கிறது. ஆனால் அவரது தகுதிக்கு அடிப்படை அதுவல்ல. ‘வார்’ கணக்கில் மொத்தம் சுமார் 101; அதில் சுமார் 86 முதல் பதினொரு சீசன்களில் வந்தது. 2011 இறுதியில் அவர் ஆட்டத்தை நிறுத்தியிருந்தாலும், பேக்வெல்லின் பதினைந்து சீசன் கணக்கைத் தாண்டியிருப்பார். பிந்தைய ஆண்டுகள் மைல்கற்களைக் கூட்டின, விகிதங்களைக் குறைத்தன, தரவரிசையை மாற்றவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்களில் ஜோயி வோட்டோ தளம் சேரும் விகிதத்தில் ஏழு முறை நேஷனல் லீக்கில் முதலிடம் பெற்றவர்; .409 என்ற மொத்த விகிதமும் 144 என்ற ‘ஓபிஎஸ் பிளஸ்’ எண்ணும் அவரை மெக்கோவிக்கு அருகில் வைக்கின்றன. 2020இல் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது பெற்ற ஃபிரெடி ஃப்ரீமன், 2024 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தை ஹோம் ரன்னால் முடித்துவைத்து அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். 2022இல் அதே விருது பெற்ற பால் கோல்ட்ஷ்மிட் மட்டையும் கையுறையும் சேர்ந்து அமைந்தவர். மூவரும் வலுவானவர்கள்; ஆனால் பூஹோல்ஸின் முதல் பாதிக்கு இணையான உச்சம் மூவரிடமும் இல்லை.

10. முடிவுகள்

1920ஐ எல்லையாகக் கொண்டால் கெரிக் முதலிடம் பெறுகிறார். பூஹோல்ஸும் ஃபாக்ஸும் அடுத்து வருகிறார்கள். நிறத்தடை குறித்த திருத்தம் கெரிக்கின் முன்னிலையைக் குறைக்கிறதே தவிர, அழித்துவிடவில்லை. அந்த இடைவெளி அவ்வளவு பெரியது. லெனார்டின் இடத்தை எண்களால் துல்லியமாகச் சொல்ல இயலாது. இதே குழுவில் அவருக்கு இடமுண்டு என்பதை அவரது சமகாலப் புகழும் கிடைத்துள்ள பதிவும் உறுதிசெய்கின்றன.

1947ஐ எல்லையாகக் கொண்டால் பூஹோல்ஸ் தனித்து நிற்கிறார். மட்டையில் தாமஸையும், களத்தடுப்பில் ஹெர்னாண்டஸையும், நிலைபேற்றில் மரியையும் தனித்தனியே அவருக்கு நிகராகவோ மேலாகவோ சொல்லலாம். இம்மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து இவ்வளவு உயரத்தில் இருந்தது வேறெங்கும் இல்லை. இரண்டாமிடத்துக்கு உரியவர் பேக்வெல் என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. மட்டையை மட்டும் எடைபோடுபவர் அவ்விடத்தைத் தாமஸுக்குக் கொடுக்கலாம். அதற்கு அடுத்த வரிசையில் மெக்கோவி, மரி, டோமி, வோட்டோ ஆகியோரின் இடங்கள் உச்சத்துக்கும் நீடிப்புக்கும் தரப்படும் எடையைப் பொறுத்து மாறும். ஹெர்னாண்டஸ் இப்பட்டியலின் மேல்படிகளுக்கு வரமாட்டார். ஆனால் முதல் தளத்தை மட்டையாளரின் ஓய்விடமாக மட்டும் பார்க்கும் எந்தத் தரவரிசையும் அவரைக் குறைத்தே மதிப்பிடும்.